மாடு இழுத்த மோனோரயில், மழை கொண்டுபோன தண்டவாளம்

இங்கிலாந்துக்காரர்கள் ஒரு ரயில்பாதையை மூடினால், தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அதில் சைக்கிள் விட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆன்சைட் என்று ரெண்டு வருஷம் ஷெஃபீல்டில் இருந்தபோது, சனிக்கிழமை மழை இல்லையென்றால் எங்கள் வீட்டில் இதுதான் பொழுதுபோக்கு. பக்கத்து டெர்பிஷயரில், சுண்ணாம்புப்பாறை மலைகளுக்கு நடுவே மான்சல் டிரெயில் என்று ஒன்று ஓடுகிறது. 1968ல் மூடிய ரயில்பாதை. அதன் குகைகளில் விளக்குப் போட்டு 2011ல் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். 1863ல் அங்கே கட்டிய பாலத்தை, அழகான பள்ளத்தாக்கைக் கெடுத்துவிட்டது என்று ஜான் ரஸ்கின் திட்டித் தீர்த்தார். இன்றைக்கு அந்தப் பாலத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது.

நம்ம பக்கம் இப்படி ஒன்று உண்டா என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்டு. நான் இப்போது குப்பை கொட்டும் திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 280 கிலோமீட்டர், எங்க ஊர் போடிக்கு நேர் மேலே. சுண்ணாம்புப்பாறை கிடையாது, எல்லாம் கருங்கல்தான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் சாலை. மூணாறு போன எல்லாருமே அதில் காரில் போய், மாட்டுப்பட்டி அணையில் போட்டோ எடுத்து, குண்டளையில் படகு விட்டு, மேலே போய் மக்காச்சோளம் தின்றுவிட்டு வந்திருப்பீர்கள். அது எதற்கு 'ஸ்டேஷன்', எந்த வண்டிக்கு ஸ்டேஷன் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா?

1877ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 227 சதுர மைல். ஆண்டுக்கு 3000 ரூபாய். (கண்ணன் தேவன் என்பது அஞ்சுநாட்டுப் பகுதித் தலைவர் ஒருவரின் பெயர் என்பார்கள். இன்று டீத்தூள் பாக்கெட்டில் இருக்கிறார்.) கொயினா, காப்பி, ஏலம் என்று எதையெதையோ நட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலை பிடித்துக்கொண்டது. 1897ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது.

விளைந்ததை எப்படி இறக்குவது? மலை திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தாலும் சரக்குக்குத் தோதான வழி கிழக்கே, மதுரைச் சீமைப் பக்கம்தான் இருந்தது. மூணாறிலிருந்து மலையுச்சி விளிம்பு வரை ஒரு பாதை, அங்கிருந்து கயிற்றுத் தொட்டிகளில் கீழே கொட்டகுடி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு தூத்துக்குடி துறைமுகம். அந்த விளிம்புதான் டாப் ஸ்டேஷன். கீழே இறங்கும் இடம் பாட்டம் ஸ்டேஷன். குரங்கணிக்கு இறங்கும் வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. சென்னை சென்ட்ரலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் :-)

மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902ல் ஓடியது மோனோரயில். ஒற்றைத் தண்டவாளம், எடை கிட்டத்தட்ட முழுவதையும் அதன்மேல் ஓடும் சின்னச் சக்கரங்கள் தாங்கும், வண்டி சாய்ந்துவிடாமல் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருளும். ஈவிங் முறை என்று பெயர். இழுப்பதற்கு மாடு. இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானம் 1907ல் விட்ட வண்டியை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மூணாறு அதற்கு முந்தியது. (திருவனந்தபுரத்துக்கு மோனோரயில் வருகிறது வருகிறது என்று 2012 வாக்கில் பேசி, பிறகு கைவிட்டார்கள். மாடு கிடைக்கவில்லை போலிருக்கிறது.)

1908ல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வே அதுதான். இந்த வருஷங்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் வந்தது 1904ல். ராஜா இருக்கும் திருவனந்தபுரத்துக்கு வந்தது 1918ல். இன்றைய தம்பானூர் நிலையம் 1931ல். அதாவது தலைநகரத்துக்காரர்கள் தங்கள் ஊரில் ரயிலைக் காண்பதற்கு பத்து வருஷம் முன்பே, யானைக்காட்டு நடுவில் தேயிலைப் பெட்டிகள் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தன. எங்க போடிக்கோ ரயில் வந்தது 1928ல். அதற்குள் மேலே இருந்த ரயில் போய்விட்டது.

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099. கேரளத்தில் வயதானவர்கள் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்று இன்னும் சொல்வார்கள். வாரக்கணக்கில் பெய்த மழையில் பெரியாறும் அதன் கிளைகளும் பொங்கின. மூணாறில் மலை சரிந்து, ரயில்பாதையும் பாலங்களும் ஊரும் அடித்துக்கொண்டு போயின. மேற்கே ஆலுவாயிலிருந்து மாங்குளம் வழியாக வந்த பழைய சாலையும் சேர்ந்தே போனது. ரயிலை மறுபடி கட்டவில்லை. நேரியமங்கலம் வழியாக மேற்கிலிருந்து புதுச்சாலை வந்தது, 1935ல் பெரியாற்றின் மேல் பாலமும் வந்தது. சரக்குப் போக்குவரத்து சாலைக்கு மாறியது. மூணாறு ரயில் நிலையக் கட்டிடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமானது. பழைய பாதையை ஒட்டி பெரும்பாலும் டாப் ஸ்டேஷன் ரோடு போட்டார்கள்.

இங்கிலாந்தில் ரயில்பாதைகளைக் கொன்றது கணக்குப் புத்தகம். 1963ல் பீச்சிங் அறிக்கை நஷ்டக் கணக்குப் போட்டுக் காட்ட, ஆயிரக்கணக்கான மைல் மூடினார்கள். இங்கே கொன்றது மழை. அங்கே மூடிய பாதையில் ஒவ்வொரு பழைய நிலையத்திலும் பலகை, போட்டோ, வரலாறு. இங்கே 32 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தேன். இங்கே ஒரு ரயில் ஓடியது என்று சொல்லும் பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. காலுக்குத்தான் தெரிகிறது. மலைப்பாதை என்றால் நாம் எதிர்பார்க்கிற செங்குத்து பல இடங்களில் இல்லை. பாதை சரிவைக் கட்டிக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. ரயில் எஞ்சின் செங்குத்தாக ஏறாது, அதற்குத் தோதாக யாரோ அளந்து வெட்டியிருக்கிறார்கள்.

அந்த 'யாரோ'வில்தான் எனக்கு உறுத்தல். மன்றோவின் பெயர் இருக்கிறது, ஈவிங்கின் பெயர் இருக்கிறது. பாறையை வெட்டியவர்கள் கங்காணிகள் பிடித்துக்கொண்டு வந்த தமிழ்க் கூலிகள். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து முன்பணக் கடனோடு வந்தவர்கள். தேயிலை கயிற்றில் இறங்கியது, அரிசி கயிற்றில் ஏறியது. ஆள் மட்டும் கொட்டகுடியிலிருந்து தலையில் மூட்டையோடு நடந்தே ஏறினான். விசா, ஆன்சைட், டிரான்ஸ்பர் என்று ஊர்விட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இவர்கள்தான் முன்னோடிகள். 1956ல் மொழிவாரியாக எல்லை போட்டபோது கன்னியாகுமரி சென்னை மாநிலத்துக்குப் போனது, தேவிகுளம் கேரளத்திலேயே நின்றது. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களைச் சுற்றி மாநிலம் மாறியது.

மழையும் அவர்களை விட்டபாடில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். அநேகமாக எல்லாருமே தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 1924ஐ நாம் 'ரயிலைக் கொண்டுபோன வெள்ளம்' என்று சுற்றுலாக் கதையாக மட்டும் சொல்கிறோமே, அன்றைக்கும் லயங்களில் இதே போன்ற குடும்பங்கள்தானே படுத்திருந்திருக்கும்!

பழைய ரயிலை மறுபடி ஓட்டலாம் என்று சில வருஷத்துக்கு ஒருமுறை பேச்சு கிளம்பும். ஓட்டினால் சந்தோஷம்தான், குழந்தைகளோடு முதல் டிக்கெட் நான் எடுக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் மாட்டுப்பட்டியில் ஒன்று, டாப் ஸ்டேஷனில் ஒன்று என்று இரண்டு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? தமிழில் ஒரு பக்கம், மலையாளத்தில் ஒரு பக்கம்.

சைக்கிள் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: விடியற்காலையில் கிளம்புங்கள், ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலா ஜீப்புகள் ஒதுங்க இடம் தராது. மாட்டுப்பட்டிப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, தனியாகப் போக வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த மலைப்பக்கமே வேண்டாம். டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் காட்டுவழியில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலைக்காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வருபவர்களுக்கு இப்போது ஒரு வசதி: அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்திய போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து மேற்கே பாருங்கள், மேகம் இல்லாத நாளில் அந்த மலை தெரியும்.