மதமாகப் பதிந்தது, சாதியாக நின்றது



வழிபாட்டுக் குழு ஒன்று மதமாக வளர்வதைப் பற்றிச் சமூகவியல் வகுப்பில் நாம் படிப்பது பெரும்பாலும் வெபர் வழிவந்த விளக்கம். குருவைச் சுற்றிக் கூட்டம் சேரும். குரு மறைந்தபின் அவர் சொல் நூலாகும், வழக்கம் சடங்காகும், பொறுப்பு பதவியாகும். சில தலைமுறை கழிந்தால் உலகம் அதை மதம் என்று ஏற்கும். சரிதான். ஆனால் ஏற்பது யார்? பஞ்சாப் தலித்துகளின் வரலாற்றில் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.

அங்கே தோல் தொழிலில் தள்ளப்பட்டிருந்த சமார் மக்கள், காசியில் வாழ்ந்த ரவிதாசரைக் குருவாகக் கொண்டவர்கள். அவர் பாடல்கள் குரு கிரந்த சாகிபில் சேர்ந்திருக்கின்றன. அவருடைய மக்களோ சேரியிலேயே இருந்தார்கள். அமெரிக்காவில் கதர் கட்சியில் இயங்கித் திரும்பிய மங்கு ராம், 1926 ஜூனில் ஹோஷியார்பூர் மாவட்டம் முகோவாலில் மாநாடு கூட்டினார். நாங்கள் இந்துவோ சீக்கியரோ முஸ்லிமோ அல்ல, இந்த மண்ணின் ஆதி மக்கள். எங்கள் மதம் 'ஆத் தர்மம்' என்றார்கள். 'ஜெய் குருதேவ்' என்று வணங்கினால், 'தன் குருதேவ்' என்று பதில் வரும். 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட நம் அயோத்திதாசரும் பூர்வத்தைத்தானே உரிமை கோரினார்!

1931 கணக்கெடுப்பில் ஆத் தர்மம் தனி மதமாகப் பதிவானது: 4,18,789 பேர். தலைமுறைகள் தேவைப்படவில்லை, ஐந்தே ஆண்டு. மதவாரித் தலைக்கணக்கை வைத்துச் சட்டசபை இடங்களைப் பேரம் பேசிய காலம் அது. தங்கள் எண்ணிக்கை குறையும் என்று மற்றவர்கள் பதறியதும் அதனால்தான்.

பிறகு நடந்ததை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இன்று பஞ்சாபின் பட்டியல் சாதிகளில் 'ஆத் தர்மி' ஒரு சாதிப் பெயர். சாதியை விட்டு வெளியேறக் கட்டிய மதத்தை அரசு சாதியாக்கித் திருப்பிக் கொடுத்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து மதத்துக்கு வெளியே இருப்பவர் பட்டியல் சாதி ஆக முடியாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும்தான் அது தளர்ந்தது. கிறித்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்னும் வெளியேதான்.

2009 மே மாதம் வியன்னாவில் ஒரு ரவிதாசர் கோயிலில், பல்லான் மடத்தின் துறவி ராமானந்த் தாக்கப்பட்டு இறந்தார். 2010 ஜனவரி 30 அன்று காசியில், ரவிதாசர் பிறந்த இடமென்று போற்றப்படும் சீர் கோவர்தன்பூரில், பல்லான் மடத்தினர் 'ரவிதாசியா' தனி மதம் என்று அறிவித்தார்கள். 'அமிர்தவாணி' அவர்கள் நூலானது. குரு, நூல், தலம், வணக்கச் சொல் எல்லாம் இருக்கின்றன. பாடப்புத்தகப்படி மதமாவதற்கு இனி எதுவும் குறையவில்லை.

ஆனாலும் மதம் கேட்கும் இடத்தில் 'ரவிதாசியா' என்று எழுத அவர்களில் பலர் தயங்குகிறார்கள். எழுதினால் பிள்ளையின் சாதிச் சான்றிதழ், கல்லூரி இடம், வேலை என்னவாகும்? அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். இந்தக் கணக்கை ஒரு பார்ப்பனக் குரு மடத்தின் பக்தர் போட வேண்டியதில்லை. அவர் எந்தப் பெயரில் வணங்கினாலும் அவர் வீட்டில் எந்தச் சான்றிதழும் செல்லாமல் போவதில்லை.