300 ஏக்கர் நிலமும் ஒரு சொட்டு இரத்தமும்

1948 ஜூலை 25 அன்று காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அந்நோய்க்கு அமைந்த முதல் தனிப் பிரிவு அதுதான். காரைக்குடிக்கு வந்தது மின்வேதியியல். ஸ்டான்லியில் நடந்தது மருத்துவம். அன்றைக்கு இரண்டும் வெவ்வேறு உலகங்கள். இன்று விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் ஒற்றிச் சர்க்கரை அளவைப் பார்க்கிறோமே, அந்தப் பட்டைக்குள் நடப்பது முழுக்க முழுக்க மின்வேதியியல்.

செட்டிநாட்டின் பெரும்பணம் அதுவரை கடல் தாண்டியே விளைந்தது. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1948இல் சுதந்திர பர்மா கொண்டுவந்த நில நாட்டுடைமைச் சட்டமும் அந்த வாசலை அடைத்தன. ஊரே கணக்கைத் திருப்பிப் பார்த்துக் கலங்கிய அந்த நாட்களில்தான் கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் கல்விக்கும் அறிவியலுக்கும் அள்ளிக் கொடுத்தார். 1947 ஜூலையில் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் கேட்டார். அழகப்பர் அங்கேயே சம்மதம் சொன்னார். அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரி நடந்தது.

ஆய்வுக்கூடத்தின் கதையும் அப்படித்தான். நாடெங்கும் தேசிய ஆய்வகங்களை அமைக்க விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர் முனைந்திருந்த நேரம். மின்வேதியியல் ஆய்வகம் தம் ஊருக்கு வர வேண்டும் என்று அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரி 14 அன்று, அப்போதைய துணைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். ஊர் மக்கள் வாயில் அது ‘சிக்ரி’. நான்கே ஆண்டுகளில், தம் 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, அழகப்பர் மறைந்தார். அந்த நிலத்தில் என்னவெல்லாம் முளைத்தது என்று பார்க்க அவருக்கு வாய்க்காமல் போனது பெரிய வருத்தம்.

அந்தக் காலத்தில் சர்க்கரையைப் பார்த்த விதமே வேறு. சிறுநீரை எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது நம் பழைய மருத்துவர்களின் வழி. இங்கிலாந்தில் மேத்யூ டாப்ஸன் நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சி, எஞ்சியது சர்க்கரைதான் என்று 1776இல் எழுதினார். 1908இல் அமெரிக்கர் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கிய செம்பு உப்புக் கரைசல் பல தலைமுறைகளுக்கு வழித்துணையானது. நீலக் கரைசல் 5 மில்லிலிட்டர், சிறுநீர் 8 சொட்டு. சோதனைக் குழாயைச் சூடாக்கினால் நீலம் மாறாதிருக்கலாம். அல்லது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி, செங்கல் நிறம் வரை போகலாம். வீட்டிலேயே ஸ்பிரிட் விளக்கு வைத்துக் காலையில் குழாயைக் காய்ச்சியவர்கள் பலர்.

ஆனால் அந்தச் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினால்தான் பெரும்பாலோருக்கு அது சிறுநீரில் இறங்கும். வெறும் வயிற்றில் 126 என்பதே இன்று நோய்க்கான எல்லை. அதாவது நோய் வந்து வெகுநாள் கழித்தும் குழாய் நீலமாகவே நிற்கக்கூடும். அந்த நீலத்தை நம்பி நிம்மதியாக இருந்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

மாற்றம் மின்முனை வழியாக வந்தது. 1962இல் லேலண்ட் கிளார்க், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை மின்முனையோடு சேர்த்துப் பயன்படுத்தும் வழியை முன்வைத்தார். அந்த நொதி குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கும். ஆனால் அதன் மையம் புரதத்தின் ஆழத்தில் புதைந்திருப்பதால், அவற்றை மின்முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இடையாள் ஒருவர் தேவை. 1984இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஃபெரோசீன் சேர்மத்தை அந்த இடையாளாக்கிக் காட்டினார்கள். 1987இல் பேனா அளவிலான கருவி கடைக்கு வந்தது. பட்டையில் பாயும் மின்னோட்டம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்குதான்; சர்க்கரை கூடினால் அதுவும் கூடும். திரையில் தெரியும் எண் அதன் கணக்கு.

காரைக்குடிக்கு இந்த வேதிவினை புதிதல்ல. குளுக்கோஸை மின்னாற்பகுப்பால் ஆக்சிஜனேற்றி, சுண்ணாம்புச் சத்து மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைத் தயாரிக்கும் முறையில் சிக்ரி விஞ்ஞானிகள் உழைத்தார்கள். அம்முறையில் இடையாள் புரோமைடு. மின்னாற்பகுப்புத் தொட்டியிலும் சரி, சர்க்கரைப் பட்டையிலும் சரி, குளுக்கோஸ் கடைசியில் குளுக்கோனிக் அமிலமாகிறது. ஒன்றின் நோக்கம் உற்பத்தி, மற்றதன் நோக்கம் அளவை. அரிப்புத் தடுப்பு, மின்கலம் என்றே பேசப்படும் சிக்ரியின் வரலாற்றில் இந்தப் பக்கம் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியது.

அளவு தெரிந்தால் போதுமா? சர்க்கரை ஏன் இரத்தத்திலேயே தங்குகிறது என்பதற்குப் பட்டையில் விடை கிடையாது. அதற்கு செல்லுக்குள் நடக்கும் சேதிப் பரிமாற்றத்தைப் பார்க்க வேண்டும். செட்டிநாட்டில் இதை விளக்க உண்டியல் முறையே போதும். காரைக்குடியில் எழுதிய சீட்டுக்கு ரங்கூனில் பணம் கிடைக்கும்; கடல் தாண்டுவது சீட்டு மட்டும். அங்கே மேலாள் அதைப் பார்த்து, அடுத்தாளிடம் சொல்ல, பெட்டி திறக்கும். இன்சுலினும் சர்க்கரையைச் சுமப்பதில்லை. செல்லின் மேலுறையில் உள்ள ஏற்பியில் ஒட்டிச் சேதி சொல்வதோடு சரி. அந்த ஏற்பியே ஒரு நொதியாக வேலை செய்து தன்மேல் பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் கான் குழுவினர் 1982இல் கண்டார்கள். அங்கிருந்து புரதம் புரதமாகச் சேதி கைமாறி, தசையிலும் கொழுப்பிலும் உள்ள செல்களில் குளுட்4 என்ற வாயில் புரதம் மேலுறைக்கு வந்து சர்க்கரையை உள்ளே விடுகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் சீட்டு வந்து சேர்கிறது, ஆனால் செல்லுபடியாவதில்லை. போகப்போகச் சீட்டு எழுதுவதும் குறைகிறது.

பூட்டிய வாயிலுக்கு வேறொரு வழியும் உண்டு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சேதி இல்லாமலேயே குளுட்4 மேலே வருகிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நோயின் விளிம்பில் நின்ற 531 பேரில், நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நம் ஊர் மக்களிடமே நிரூபிக்கப்பட்ட இந்த உண்மையை மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓயக்கூடாது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது.

சர்க்கரையை அளக்கும் தேடல் சிக்ரியில் வேறொரு திசையிலும் போனது. நொதி என்பது ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் கெட்டுப்போகும் புரதம். பட்டையைக் கண்ட இடத்தில் போட்டுவைக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். நொதியே இல்லாமல், உலோக ஆக்சைடைக் கொண்டே சர்க்கரையை ஆக்சிஜனேற்ற முடியுமா? 1990களில் காரைக்குடி ஆய்வாளர்கள் நிக்கல் ஆக்சைடு பூசிய கரி மின்முனைகளில் சர்க்கரைகள் ஆக்சிஜனேற்றமாவதை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். நிக்கலும் செம்பும் இந்த வேலையைக் காரக் கரைசலில் நன்றாகவே செய்கின்றன. இரத்தத்தின் காரத்தன்மையோ மிகக் குறைவு, அதன் pH அளவு 7.4தான். போதாததற்கு, அதில் கலந்திருக்கும் வைட்டமின் சி, யூரிக் அமிலம் போன்றவையும் மின்முனையில் எலக்ட்ரானை இழந்து கணக்கைக் குழப்புகின்றன. இந்த இரண்டையும் கடந்து, நொதியில்லாப் பட்டையை விரல்நுனி இரத்தத்துக்குப் பழக்குவதில்தான் உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்னும் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள்.