சூதாட்ட வரியும் ஓய்வூதியமும்: மலையக நிலை

சூதாட்ட வருமானத்தில் ஒரு பங்கைப் பொலிஸார், தீயணைப்பு வீரர் ஆகியோரின் ஓய்வூதியத்துக்கென்றே ஒதுக்கும் முறை உலகில் சில இடங்களில் உண்டு. அமெரிக்காவின் சிக்காகோ நகரில், கசினோ மூலம் நகரத்துக்குச் சேரும் வரி 2019ஆம் ஆண்டின் இலினோய் மாநிலச் சட்டப்படி இவ்விரு ஓய்வூதிய நிதியங்களுக்கே போகிறது. 2023இல் திறந்த தற்காலிகக் கசினோ எதிர்பார்த்த அளவு ஈட்டவில்லை. ஆட வருவோர் குறைந்தாலும் ஓய்வுபெற்றோருக்குக் கொடுக்க வேண்டிய தொகை குறைவதில்லை என்பதே இம்முறையின் சிக்கல்.

இலங்கையில் இத்தகைய ஒதுக்கீடு இல்லை. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட விதிப்பனவுச் சட்டத்தின் கீழ் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அறவிடும் பணம் அரசின் திரட்டு நிதியத்தில் கலந்துவிடுகிறது. அபிவிருத்தி லொத்தர் சபையின் இலாபம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் செல்கிறது. ஹட்டன் நகரில் ஒருவர் குதிரைப் பந்தயத்தில் கட்டும் பணத்துக்கான விதிப்பனவும் கொழும்புக்கே போய்ச் சேரும். பொலிஸாரின் ஓய்வூதியமும் அதே திரட்டு நிதியத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அதைக் காப்பது பந்தயக் கடையின் வியாபாரம் அன்று, அரசின் பொறுப்பு. அந்த வகையில் இலங்கை ஏற்பாடே உறுதியானது.

மலையகத்தின் கொட்டகலைத் தோட்டங்களில் கதை வேறு. தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசையில் தீப்பிடித்தால் வாளியும் தண்ணீருமாக முதலில் ஓடுவது பக்கத்து வீட்டார். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும் முதலில் கைகொடுத்தவர்கள் தோட்ட மக்களே. ஆனால் பொலிஸாருக்கு உள்ளதுபோல் இவர்களுக்கு மாதாந்த ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான ஊழியர் சேமலாப நிதியமே (ஈ.பி.எப்.) முதுமைக்கு ஆதாரம். தொழிலாளி 8 சதவீதம், தோட்ட நிர்வாகம் 12 சதவீதம் செலுத்த வேண்டும். அத்துடன் நிர்வாகம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதம் கட்ட வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடையும் உண்டு.

சம்பளச் சீட்டில் 8 சதவீதம் தவறாமல் கழிந்திருக்கும். அது நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. அரச தோட்டங்களில் நிலுவை விழுந்து, ஓய்வுபெற்றோர் அலைந்தது பலமுறை பாராளுமன்றத்தில் பேசப்பட்டது. கட்டத் தவறும் நிர்வாகத்துக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. பெயர்க் குழப்பம் இன்னொரு தொல்லை: தோட்டத்தின் செக்ரோல் பதிவேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. இதனாலும் 'ஈ.பி.எப். காசு' கைக்கு வரத் தாமதமாகிறது.

ஊழியர் சேமலாப நிதியத்தை நிர்வகிப்பது தொழில் திணைக்களம். பணத்தைப் பொறுப்பில் வைத்திருப்பது மத்திய வங்கி. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பணத்தை மீளப் பெறலாம். அந்த வயது வரும்வரை காத்திராமல் கணக்கு மீதியைக் கேட்டறியவும், நிலுவை இருந்தால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யவும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிமை உண்டு.