வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றமும் தொடரும் சமூக விலக்கலும்

முன்னுரை

1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு வெளியேறினர். இந்நிகழ்வை ஒரு நாளின் கொடுமையாக மட்டும் காண்பது போதாது. விலக்கல் அதன்பின் வெவ்வேறு பெயர்களில் தொடர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

மொழியும் அடையாளமும்

வடபுல முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ். 1949-இல் தோன்றிய தமிழரசுக் கட்சி 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் சொல்லாட்சியில் அவர்களையும் உள்ளடக்கியது. 1990-இன் வெளியேற்றம் அச்சொல்லாட்சியைப் பொருளற்றதாக்கியது. ஒரே மொழியைப் பேசுதல் ஒரே மண்ணில் வாழும் உரிமைக்கு உறுதியாகவில்லை.

'அகதி' என்னும் பெயர்

வெளியேறியோருள் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். அங்கிருந்த முஸ்லிம்கள் தொடக்கத்தில் உணவும் இடமும் அளித்து ஆதரித்தனர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல வேலை, நிலம், பள்ளி இடம் ஆகியவற்றில் போட்டி எழுந்தது. புத்தளத்திலேயே பிறந்த குழந்தைகளும் 'அகதிகள்' என்றே சுட்டப்பட்டனர். ஒரே சமயத்தைச் சார்ந்திருந்தமை இவ்விலக்கலைத் தடுக்கவில்லை.

'பழைய' இடம்பெயர்ந்தோர்

2002 ஏப்ரலில் புலிகளின் தலைமைக்கும் முஸ்லிம் காங்கிரஸ் தலைமைக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்ட போதிலும், பெருமளவிலான மீள்திரும்பல் போர் முடிந்த 2009-க்குப் பின்னரே தொடங்கியது. அப்போது இடம்பெயர்ந்தோர் 'பழையோர்', 'புதியோர்' என வகைப்படுத்தப்பட்டனர். இறுதிப் போரில் இடம்பெயர்ந்த புதியோருக்கு உதவியில் முன்னுரிமை வழங்கப்பட்டது. அவர்களது அவசரத் தேவை மறுக்க இயலாதது. எனினும், நீண்ட காலம் காத்திருந்தமையே பழையோருக்குப் பாதகமாயிற்று.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில், திரும்பியோர் தமதென உரிமை கோரிய நிலங்கள் காடடர்ந்து கிடந்தன. 2012-இல் அவற்றுள் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர் எழுந்த வில்பத்துச் சர்ச்சையில் அவர்கள் வனத்தை ஆக்கிரமிப்போராகச் சித்திரிக்கப்பட்டனர்.

முடிவுரை

வெளியேற்றப்பட்டோர், அகதிகள், பழையோர், ஆக்கிரமிப்போர் எனப் பெயர்கள் மாறின, விலக்கல் மாறவில்லை. எனவே மீள்குடியேற்றத்தைத் திரும்பியோரின் எண்ணிக்கையால் மட்டும் அளவிடுதல் பொருந்தாது. நிலவுரிமையும் சம மதிப்பும் மீளக் கிடைத்தனவா என்பதே உரிய அளவுகோல். ஈழத்துத் தமிழ் வரலாற்றை எழுதுவோர் இவ்வெளியேற்றத்தை அடிக்குறிப்பாக ஒதுக்காமல், அவ்வரலாற்றின் உட்கூறாகவே ஆராய்தல் வேண்டும்.