தந்தையின் காரைத் தேடும் தனயர்: அமெரிக்க 'மசில் கார்' மீட்பும் வரலாற்றுச் சான்றும்

பயன்படுத்திய பொருளை விற்றுவிடுதலும் விற்றதை மறந்துவிடுதலும் நுகர்வுச் சமுதாயத்தின் பொதுவியல்புகளாகும். ஆயின் ஐக்கிய அமெரிக்காவிலே கடந்த சில தசாப்தங்களாக இதற்கு மாறானதொரு முயற்சியும் பரவலாகக் காணப்படுகின்றது. தம் தந்தையர் அரை நூற்றாண்டுக்கு முன் விற்றுவிட்ட காரை, அதையொத்த வேறொன்றாலும் நிறைவடையாது, அந்தக் காரையே மாநிலம் மாநிலமாகத் தேடிக் கண்டுபிடித்து, துருவேறிய அதன் உடலைச் செப்பனிட்டு, முதுமையடைந்த தந்தையின் கையில் மீண்டும் திறப்பைக் கொடுக்கப் பிள்ளைகள் முயல்கின்றனர். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகத் தோன்றலாம். எனினும், எந்தச் சான்றைக் கொண்டு ஒரு பொருளின் அடையாளத்தை நிறுவுவது, சிதைந்ததைத் திருத்தும்போது எதனை அழிக்கிறோம் என்னும் வினாக்கள் இம்முயற்சியில் இடையறாது எழுகின்றன. இவை வரலாற்று மாணவனுக்கும் உரிய வினாக்களேயாம்.

தோற்றமும் பின்னணியும்

'மசில் கார்' என்பது நடுத்தர அளவுடைய, இரு கதவுகள் கொண்ட, விலை மலிந்த காரொன்றிலே பெரிய காருக்குரிய வலுமிக்க எஞ்சினைப் பொருத்தியதனாற் பிறந்த வகையாகும். 1964 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பொன்டியாக் ஜீ.ரீ.ஓ. இவ்வகையின் தொடக்கமாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்பது ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் அக்கால உள்விதி. பொன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியியலாளராக விளங்கிய ஜோன் டிலோரியனும் அவர்தம் குழுவினரும் 389 கன அங்குல எஞ்சினைத் தனிக் காராகவன்றி, விரும்பியோர் கேட்டுப் பெறும் மேலதிகப் பொருளாக அறிவித்து அவ்விதியைக் கடந்தனர். முதலாண்டில் மட்டும் 32,450 கார்கள் விற்பனையாயின. அதே ஆண்டு ஏப்ரிலில் போர்ட் கம்பனி வெளியிட்ட மஸ்டாங், முதற் பன்னிரண்டு மாதங்களில் நான்கு இலட்சத்துக்கு மேல் விற்றது.

இவ்வெற்றியைப் பொறியியலாளரின் திறமையாக மட்டும் விளக்குதல் பொருந்தாது. 1950 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனிக்கும் மோட்டார்த் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையே கைச்சாத்தான ஐந்தாண்டு உடன்படிக்கை, வாழ்க்கைச் செலவுக்கேற்ற ஊதிய உயர்வையும் ஓய்வூதியத்தையும் தொழிலாளர்க்கு உறுதிசெய்தது. காரைச் செய்தவனே அதனை வாங்கக்கூடிய நிலை வலுப்பெற்றது. யுத்தத்தின்பின் பெருந்தொகையாகப் பிறந்த தலைமுறை 1960களின் நடுப்பகுதியில் சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் வயதை எட்டியது. எனவே தந்தையின் கார் எனப் பிள்ளைகள் இன்று தேடுவது, உழைக்கும் குடும்பமொன்று தனக்குரிய பங்கை ஒருமுறை கையிற் பெற்றிருந்த காலத்தின் எச்சமுமாகும். அப்பங்கு யாவருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்பதும் ஈண்டுக் குறிப்பிடற்பாலது. தொழிற்சாலைகளின் கடினமும் ஆபத்தும் மிக்க பிரிவுகளிலே கறுப்பினத் தொழிலாளரே பெரிதும் அமர்த்தப்பட்டனர். 1967 ஜூலையில் டெட்ரொயிட் நகரில் வெடித்த கிளர்ச்சியில் 43 பேர் உயிரிழந்தனர். அந்நகரம் தீப்பற்றி எரிந்த ஆண்டும் மசில் கார் புகழின் உச்சியை நோக்கி விரைந்த ஆண்டும் ஒன்றே.

மறைவு

இக்கார்களின் பொற்காலம் பத்து ஆண்டுகளையும் தாண்டவில்லை. 1966 இல் வாகனப் பாதுகாப்புச் சட்டமும் 1970 இல் தூய காற்றுச் சட்டமும் நிறைவேறின. வலுமிக்க காரை ஓட்டும் இளைஞரிடம் காப்புறுதி நிறுவனங்கள் மிகையான கட்டணம் அறவிடத் தொடங்கின. 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை பெற்றோலின் விலையை உயர்த்தி, நிரப்பு நிலையங்களின் முன் நீண்ட வரிசைகளைத் தோற்றுவித்தது. திருமணமாகிக் குழந்தை பிறந்த இளைஞன், இரு கதவும் எட்டு உருளையும் கொண்ட காரை விற்று, நாற்கதவுக் காரை வாங்குதல் வழக்கமாயிற்று. விற்ற கார் அடுத்தடுத்துப் பலரிடம் கைமாறியது. வடமாநிலங்களிலே பனியுருகத் தெருவிற் தூவப்படும் உப்பு அதன் அடித்தளத் தகடுகளை அரித்தது. எஞ்சியவற்றுட் பல பழைய இரும்பாக நசுக்கப்பட்டன. இன்று பெருஞ்செல்வமாகக் கருதப்படும் பொருள் அன்று எவருக்கும் வேண்டாத பொருளாகக் கிடந்தமையே தேடலின் இடர்ப்பாட்டுக்கு முதற் காரணமாகும்.

தேடலும் சான்றும்

தேடுவோன் கையிற் பெரும்பாலும் எஞ்சியிருப்பவை பழைய புகைப்படம், காப்புறுதிச் சீட்டு, திருத்தகத்தின் பற்றுச்சீட்டு ஆகியனவே. இவற்றுள் எங்கேனும் வாகன அடையாள இலக்கம் குறிக்கப்பட்டிருப்பின் தேடல் பாதி முடிந்ததாகும். இலக்கத்தகடு உரிமையாளரோடும் மாநிலத்தோடும் மாறும். அடையாள இலக்கமோ காரோடு பிறந்து காரோடு அழிவது. நாடு முழுவதற்கும் பொதுவான பதினேழு எழுத்திலக்க முறை 1981 மாதிரி ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பனியும் தத்தமக்குரிய முறையைக் கையாண்டது. அன்றியும், சாரதிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு 1994 இல் இயற்றப்பட்ட சட்டம், வாகனப் பதிவேடுகளிலுள்ள தனியாள் விபரங்களைப் பிறர்க்கு வெளியிடுவதைக் கட்டுப்படுத்தியது. ஆகவே பதிவு அலுவலகத்தில் வினவி, கைமாறிய வரிசையைப் பின்தொடரும் வழி பெரும்பாலார்க்கு அடைபட்டது. பழைய உரிமையாளரை ஒருவர்பின் ஒருவராகத் தேடி அவர்தம் வாய்மொழியைக் கேட்டறிதலே எஞ்சிய வழியாயிற்று.

கார் அகப்பட்டபின் அது அதுவே என நிறுவுதல் அடுத்த பணி. 1960களின் இறுதியிலிருந்து கம்பனிகள் பல எஞ்சினிலும் கியர்ப்பெட்டியிலும் அடையாள இலக்கத்தின் ஒரு பகுதியைப் பொறித்தன. உற்பத்திக் கட்டளைத் தாள் ஆசனத்தின் சுருள்களுக்குள்ளோ எரிபொருட் தாங்கியின் மேலோ செருகப்பட்டு, தற்செயலாக எஞ்சியிருப்பதுண்டு. போர்ட் கார்களுக்கு 1967 முதலான உற்பத்திப் பதிவுகள் நிலைத்துள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட செவ்ரோலே கார்களுக்கு அத்தகைய நிறைவான தொகுதி இல்லை. போலிகள் மலிந்த இத்துறையில், சான்று எஞ்சிய விதமே ஒரு காரின் மதிப்பைத் தீர்மானிக்கின்றது.

இரு கார்களின் கதை

தனிப்பட்ட குடும்பங்களின் தேடல்கள் ஏட்டில் ஏறுவது அரிது. ஆதலின் யாவரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டை நோக்குதல் தகும். பீற்றர் யேற்ஸ் இயக்கி 1968 இல் வெளிவந்த 'புலிற்' என்னும் திரைப்படத்தில், சான் பிரான்சிஸ்கோவின் மேடுபள்ளத் தெருக்களிலே ஸ்டீவ் மக்குயின் பச்சை நிற மஸ்டாங் ஒன்றைச் செலுத்துவார். அதற்கென இரு கார்கள் பயன்பட்டன. அவற்றின் இலக்கங்கள் 125558, 125559 என அடுத்தடுத்து முடிவன. முன்னுள்ள '8 ஆர் 02 எஸ்' என்னும் குறிகள், 1968 ஆம் ஆண்டு, சான் ஹொசே தொழிற்சாலை, சரிந்த பின்கூரை, 390 கன அங்குல எஞ்சின் ஆகியவற்றை முறையே சுட்டும்.

துரத்தற் காட்சியிற் சேதமுற்ற முதலாவது கார் அழிந்ததென்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. மெக்சிக்கோவிலே எஞ்சினின்றி, வெள்ளை வர்ணம் பூசப்பட்டுக் கிடந்த வெற்றுடலொன்றை வேறொரு திரைப்படக் காரின் போலியாக மாற்றச் சிலர் முற்பட்டபோது, அதன் இலக்கமே அதனைக் காட்டிக்கொடுத்தது. 2017 இல் அது மெய்யென உறுதிசெய்யப்பட்டது. இலக்கத்தை எவரும் ஒப்புநோக்காதிருந்தால் திருத்தல் என்னும் பெயராலேயே அச்சான்று அழிந்திருக்கும்.

இரண்டாவது காரை 1974 இல் நியூ ஜேர்சியைச் சேர்ந்த ஒருவர் சஞ்சிகை விளம்பரமொன்றைக் கண்டு 6,000 டொலருக்கு வாங்கினார். அவர் மனைவி பாடசாலையிற் கற்பிக்கச் சென்றதும் அதிலேயே. 1977 இல் மக்குயின் அதனை மீளப்பெற விரும்பி எழுதிய கடிதத்துக்கும் அக்குடும்பம் இசையவில்லை. 1980 இல் கிளச் பழுதடைய, கார் ஓட்டத்தை நிறுத்திப் பல்லாண்டு மறைந்து கிடந்தது. 2014 இல் தந்தை மறைந்தபின் மகன் அதன் இயங்கு பகுதிகளைச் சீர்செய்து ஓடவைத்தார். மேனியிலோ கைவைக்கவில்லை. மங்கிய வர்ணமும், துருவும், படப்பிடிப்புக் கருவியைத் தாங்குதற்குப் பக்கச் சட்டங்களின் கீழே வெல்டிங் செய்த துண்டுகளும் அவ்வாறே விடப்பட்டன. 2018 ஜனவரியில் டெட்ரொயிட் கண்காட்சியில் அது உலகுக்கு வெளிப்பட்டது. 2020 ஜனவரியில் நிகழ்ந்த ஏலத்தில் 34 இலட்சம் டொலருக்குக் கேட்கப்பட்டது. கட்டணங்களுடன் அத்தொகை 37 இலட்சத்து 40 ஆயிரமாயிற்று. புதுக்கப்படாமையே அக்காரை மெய்யெனக் காட்டியது.

மீளமைப்பின் முரண்பாடு

எனினும் எல்லாக் கார்களையும் அவ்வாறே விட்டுவிடல் இயலாது. தளம் இற்றுப்போன கார் ஓடாது; ஓடாத காரிலே தந்தையை ஏற்றிச் செல்லவும் முடியாது. ஆனால் தளத்தை மாற்றி, பின்பக்கத் தகடுகளை மாற்றி, எஞ்சினையும் மாற்றியபின் எஞ்சுவது எது? இன்று சில மாதிரிகளுக்கு முழு உடலையே புதிதாகச் செய்து விற்கின்றனர். ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கும் நேர்மையாளர் செல்லரித்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பாது புள்ளியிட்டுக் காட்டுவர். அத்தகைய ஒழுக்கம் இங்கும் வேண்டப்படுகின்றது. எதனை மாற்றினோம், எதனைப் பேணினோம் என்பதைப் புகைப்படத்தாலும் குறிப்பாலும் பதிந்துவைக்கும் மீளமைப்பாளனே வரலாற்றுக்கு உதவுபவன்.

இத்துறையின் தேர்ந்த கைவினைஞர் கவனிக்கும் நுட்பமொன்று சிந்தனைக்குரியது. பழைய வர்ணத்தையும் கிறீசையும் மெல்ல அகற்றும்போது, எஞ்சின் அறையின் பின்சுவரிலும் அச்சுகளிலும் வர்ணத் தீற்றல்களும் மெழுகுக்கோல் எழுத்துகளும் வெளிப்படும். அவை ஒரு பாகத்தை இனங்காட்டவோ, ஆணி முறுக்கிச் சரிபார்க்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கவோ தொழிலாளர் அவசரத்தில் இட்ட அடையாளங்கள். மீளமைப்பாளர் அவற்றைப் படமெடுத்து, வேலை முடிந்தபின் அதே இடத்தில் அதே கோணத்தில் மீண்டும் வரைகின்றனர். அவ்வடையாளத்தை இட்டவர் பெயர் காரின் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அவர்கள் உழைத்த இடங்களும் பல மறைந்துவிட்டன. 'ஆர்' என்னும் எழுத்தாற் குறிக்கப்பட்ட சான் ஹொசே தொழிற்சாலை 1983 இல் மூடப்பட்டது. 1994 இல் அக்கட்டடம் அங்காடித் தொகுதியாகத் திறக்கப்பட்டது.

தந்தையின் நினைவைத் தேடிப் புறப்பட்டவன் இறுதியில் முகமறியாத் தொழிலாளி ஒருவனின் கையெழுத்தின் முன் வந்து நிற்கின்றான். ஏலக்காரன் அதனை விலையாகக் கணிக்கலாம். ஆனால் ஒருவன் அந்தக் காரைச் செய்தான், மற்றொருவன் உழைத்த பணத்தில் அதனை வாங்கினான், பின் குடும்பத்தின் பொருட்டு அதனைத் துறந்தான் என்னும் மூன்று செய்திகளையும் ஒருங்கே தாங்கி நிற்பது அந்தத் துருவேறிய தகடுதான். மினுக்கத்துக்காக அதனைத் தேய்த்து அழிக்காது, ஓடத்தக்க அளவுக்கு மட்டும் திருத்தி, சொல்லத்தக்கதைச் சொல்லவிடுதலே மீட்பு என்னும் சொல்லுக்குப் பொருந்துவதாகும்.