மலைக்காட்டுத் தேவாங்கு

அழிந்தேபோயிற்று என்று அறிஞர்கள் கருதிய ஓர் உயிரினம் நுவரெலியா மாவட்டத்தில் மீண்டும் காணப்பட்ட வரலாற்றை இங்கே பதிவு செய்கிறேன். ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு 1939 முதல் 2002 வரை எவர் கண்ணிலும் படவில்லை. பின்னர் லண்டன் விலங்கியல் கழகமும், கொழும்புப் பல்கலைக்கழகமும், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் கைகோத்து இரவுகளில் தேடின. 2010இல் அதன் முதல் புகைப்படங்கள் வெளியாயின.

அது அருகியதற்குக் காரணம், மலைக்காடு துண்டுதுண்டானதே. ஆங்கிலேயர் காலத்தில் முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. முடிவெடுத்தோர் துரைமார், அந்நிலத்தில் உழைத்தோர் தமிழகத்திலிருந்து சென்ற நம்மவர். எஞ்சிய காட்டின் அயலில், லயங்களில் வாழ்வோரும் அவர்தம் சந்ததியினரே. ஆய்விலும் பாதுகாப்பிலும் அவர்களுக்கும் இடம் வேண்டும். நாட்டெல்லை கடந்த ஒத்துழைப்பு, தோட்ட எல்லையில் நின்றுவிடலாகாது என்பதே என் கருத்து.