தியேட்டர் சர்வர் அப்டேட்: பழைய பெட்டியில் என்ன பிரச்னை வரும், எங்கே தேடணும்?

வெள்ளிக்கிழமை காலை ஷோ. கழக்கூட்டத்தில் பஸ் ஏறி, தம்பானூரில் இறங்கி, தியேட்டருக்குள் போய் உட்கார்ந்தாச்சு. விளக்கு அணையவே இல்லை. பத்து நிமிஷம் கழித்து ஒருவர் வந்து, "டெக்னிக்கல் இஷ்யூ சார், அரை மணி நேரம்" என்கிறார்.

உள்ளே என்ன நடக்கிறது? படம் வந்து சேர்ந்திருக்கும். புரொஜெக்டரும் எரியும். நடுவில் இருக்கும் சர்வர் மட்டும் படத்தைக் காட்ட மறுத்து நிற்கும். பல தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறிய காலத்தில் வாங்கிய சர்வரைத்தான் இன்னமும் ஓட்டுகின்றன. அந்தப் பெட்டிக்கு சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாலும் பிரச்னை, போடாவிட்டாலும் பிரச்னை.

"நீ ஐடியிலதானே இருக்கே, கொஞ்சம் வந்து பாரேன்" என்று தியேட்டர் வைத்திருக்கும் மாமாவோ, ஃபிலிம் சொசைட்டி நண்பரோ உங்களைக் கூப்பிடலாம். போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த சர்வர் என்னதான் செய்கிறது?

ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் 2002-ல் சேர்ந்து டிசிஐ என்ற அமைப்பைத் தொடங்கின. டிஜிட்டல் சினிமாவுக்கான அதன் முதல் விதித் தொகுப்பு 2005-ல் வந்தது. படம் 'டிசிபி' என்ற கோப்புத் தொகுப்பாக வர வேண்டும், காட்சிக்கு வினாடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட், படத்தைப் பூட்டி அனுப்ப வழி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்தவைதான். இந்தக் கணக்கில் இரண்டு மணி நேரப் படம் 225 ஜிபி வரை போகலாம்.

பூட்டைத் திறக்கும் சாவிக்கு 'கேடிஎம்' என்று பெயர். சில கிலோபைட் அளவுள்ள சின்ன எக்ஸ்எம்எல் கோப்பு. ஒரு படத்தின் ஒரு பதிப்பு, ஒரு சர்வர், ஒரு குறிப்பிட்ட காலம் என்று மூன்றையும் கட்டிப்போட்டுத்தான் இதைத் தயாரிக்கிறார்கள். பக்கத்து ஸ்க்ரீனின் கேடிஎம் உங்கள் ஸ்க்ரீனில் வேலை செய்யாது.

போன் அப்டேட் மாதிரிதானே இதுவும்?

இல்லை. போனில் அப்டேட் சொதப்பினால் ரீசெட் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சினிமா சர்வரில் அந்த வழி கிடையாது. காரணம் மூன்று.

முதலாவது, அடையாளம். சர்வரின் பாதுகாப்புப் பகுதியான மீடியா பிளாக்குக்குள் ஒரு சான்றிதழும் அதற்கான ரகசிய எண்ணும் இருக்கின்றன. கேடிஎம் தயாரிப்பது இந்தச் சான்றிதழை வைத்துத்தான். சாதாரண அப்டேட்டில் இது மாறாது. ஆனால் மீடியா பிளாக்கையே மாற்றினால் அடையாளமும் மாறிவிடும். கையில் இருக்கும் கேடிஎம் எல்லாம் அந்த நிமிஷமே செல்லாது.

இரண்டாவது, கடிகாரம். கேடிஎம்மின் காலக்கெடுவை ஏமாற்றாமல் இருக்க, சர்வருக்குள் தனியாக ஒரு பாதுகாப்பான கடிகாரம் உண்டு. ஓர் ஆண்டில் ஆறு நிமிஷத்துக்கு மேல் அதை முன்னேயோ பின்னேயோ நகர்த்த டிசிஐ விதி அனுமதிப்பதில்லை. அதற்கு மேல் விலகிப்போன கடிகாரத்தை நீங்கள் சரிசெய்ய முடியாது. தயாரித்த நிறுவனத்தின் உதவி வேண்டும்.

மூன்றாவது, பேட்டரி. அந்த ரகசிய எண்ணும் கடிகாரமும் ஒரு சின்ன பேட்டரியின் தயவில் உயிரோடு இருக்கின்றன. மின்சாரம் இல்லாத நேரத்தில் அது செத்துப்போனால் ரகசிய எண் அழிந்துவிடும். அதன்பின் பூட்டிய எந்தப் படமும் ஓடாது. கார்டை நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டியதுதான். மாதக்கணக்கில் அணைத்துவைத்த தியேட்டர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

அப்போ அப்டேட் போடவே வேண்டாமா?

வாராவாரம் பிரச்னையில்லாமல் ஓடுகிற சர்வருக்குக் காரணமில்லாமல் போட வேண்டியதில்லை. ஆனால் காரணம் வரும்போது தள்ளிப்போடவும் முடியாது.

டிசம்பரில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா, வழுதக்காட்டில் தாகூர் தியேட்டர் என்று நகரம் முழுக்கப் பல நாட்டுப் படங்கள் ஓடும். டிசிபியில் 'இன்டர்ஆப்' என்ற பழைய வகையும் 'எஸ்எம்பிடிஇ' என்ற புதிய வகையும் உண்டு. பழைய வகை வினாடிக்கு 24 அல்லது 48 ஃப்ரேம் என்ற கணக்கில் நிற்கிறது. ஐரோப்பாவில் 25 ஃப்ரேமில் எடுக்கும் படங்கள் எஸ்எம்பிடிஇ வகையில்தான் வரும். பல வருஷம் அப்டேட் பார்க்காத சர்வர் இதை ஏற்காமல் போகலாம். இல்லையென்றால் படம் ஓடும், சப்டைட்டில் மட்டும் வராது. ஈரானியப் படத்துக்கு சப்டைட்டில் இல்லாவிட்டால் அரங்கில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போடுவதற்கு முன்

நாள் முக்கியம். வியாழன் ராத்திரி அப்டேட் போடாதீர்கள். புதுப்படம் வெள்ளிக்கிழமை, ஏதாவது ஆனால் சரிசெய்ய நேரம் இருக்காது. திங்கள் அல்லது செவ்வாய் கடைசி ஷோ முடிந்த பிறகு தொடங்குங்கள்.

பிறகு இவற்றை வரிசையாகப் பாருங்கள்:

1. இப்போதைய சாஃப்ட்வேர் பதிப்பு, மீடியா பிளாக்கின் ஃபர்ம்வேர் பதிப்பு, சீரியல் எண், ஐபி முகவரிகள், ஒலி அமைப்புகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். சான்றிதழை யுஎஸ்பியில் நகல் எடுங்கள்.

2. ஹார்ட் டிஸ்க்குகளின் நிலையைப் பாருங்கள். இவை பெரும்பாலும் ரெய்டு-5 முறையில் இருக்கும். ஒரு டிஸ்க் போனாலும் படம் ஓடும், இரண்டாவதும் போனால் எல்லாம் காலி. ஒரு டிஸ்க் ஏற்கெனவே சிவப்பு காட்டினால் முதலில் அதை மாற்றுங்கள். அப்டேட் பிறகு.

3. பேட்டரி எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய கார்டுகளில் பேட்டரிக்கு இரண்டு இடம் இருக்கும். புதியதை மாட்டிய பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

4. யுபிஎஸ் சரியாக இருக்கிறதா? அப்டேட் பாதியில் கரண்ட் போனால் பெட்டி எழுந்திருக்காமலே போகலாம். துலாவர்ஷ மாதங்களில் சாயங்கால இடி மின்னல் நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.

5. தாவிப் போகலாமா என்று கேளுங்கள். பல வருஷம் பழைய பதிப்பிலிருந்து நேரே கடைசிப் பதிப்புக்குப் போக முடியாமல் இருக்கலாம். நடுவில் ஒன்றிரண்டு படிகள் இருக்கும். பதிப்புக் குறிப்பில் அது எழுதியிருக்கும்.

அப்டேட் கோப்பைத் தயாரிப்பாளரிடமிருந்தோ, அவர் அங்கீகரித்த இன்ஜினியரிடமிருந்தோ மட்டும் வாங்குங்கள். கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். ஒரு பைட் மாறியிருந்தாலும் சர்வர் ஏற்காது.

போட்டாச்சு, படம் ஓடலை. எங்கே தேடுவது?

முதலில் ஒரு கேள்வி: பூட்டாத விளம்பரமோ டிரெய்லரோ ஓடுகிறதா? ஓடினால் சர்வரும் புரொஜெக்டரும் ஓரளவு நலம், சிக்கல் பெரும்பாலும் சாவிப் பக்கம். அதுவும் ஓடாவிட்டால் சேமிப்பு, மீடியா பிளாக், இணைப்பு என்ற பக்கம் தேடுங்கள்.

*கேடிஎம் ஏற்கவில்லை:* அது இந்த சர்வருக்கானதுதானா, படத்தின் இந்தப் பதிப்புக்கானதுதானா என்று ஒப்பிடுங்கள். சில நேரம் சப்டைட்டில் சேர்த்த கூடுதல் தொகுப்பு மட்டும் வந்திருக்கும், மூலத் தொகுப்பு சர்வரில் இருக்காது. அப்போதும் படம் ஓடாது.

*'இன்னும் காலம் வரவில்லை' என்கிறது:* கடிகாரத்தைப் பாருங்கள். கேடிஎம்மில் நேரம் யுடிசி கணக்கில் இருக்கலாம். 00:30 என்றிருந்தால் நம்ம ஊரில் காலை 6 மணி. அப்டேட்டுக்குப் பிறகு நேர மண்டலம் மாறிவிட்டதா என்றும் பாருங்கள். ஷோ அட்டவணை தப்பான நேரத்தில் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

*திரை பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிகிறது:* பயப்பட வேண்டாம். புரொஜெக்டரில் தப்பான சேனல் தேர்வாகி, வண்ண அமைப்பு பொருந்தாமல் இருப்பதுதான் பொதுவான காரணம். படத்துக்கு முன்னால் சேனலை மாற்றும் ஆட்டோமேஷன் கட்டளை அப்டேட்டில் அழிந்திருக்கலாம்.

*புது ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கவில்லை:* லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இது சுவாரஸ்யம். டிசிபி டிஸ்க் இஎக்ஸ்டி2 அல்லது இஎக்ஸ்டி3 முறையில், எம்பிஆர் பகுப்பில், 128 பைட் ஐநோடுடன் இருக்க வேண்டும் என்பது துறையின் பரிந்துரை. இன்றைய லினக்ஸ் தானாகவே 256 பைட் போடும். பழைய சர்வர் அதைப் பார்த்து 'டிஸ்க் காலி' என்று சொல்லிவிடலாம். சர்வர் மேல் தப்பில்லை.

*பதிவேற்றம் முடியவே இல்லை:* பழைய யுஎஸ்பி 2 வழியில் வினாடிக்கு 30 எம்பி போனால், 150 ஜிபி படத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஷோவுக்கு ஒரு மணி நேரம் முன்பு டிஸ்க் வந்தால் எந்த அப்டேட்டும் காப்பாற்றாது.

*புரொஜெக்டருடன் 'இணைப்பு முறிந்தது' என்கிறது:* புரொஜெக்டருக்குள்ளேயே பொருத்தும் மீடியா பிளாக்கில், கார்டைக் கழற்றி மாட்டியிருந்தால் இது வரும். இரண்டையும் மறுபடி சேர்ப்பதைத் துறையில் 'மேரேஜ்' என்றே சொல்கிறார்கள். அனுமதி உள்ளவர் நேரில் நின்றுதான் செய்ய முடியும், ரிமோட்டில் முடியாது.

எதுவும் பிடிபடாவிட்டால் சர்வரின் லாக் அறிக்கையை யுஎஸ்பியில் எடுத்து இன்ஜினியருக்கு அனுப்புங்கள். "ஓடலை சார்" என்று போனில் சொல்வதைவிட அது பலமடங்கு உதவும்.

உங்களால் செய்யக்கூடிய ஒரு நல்ல சோதனை

டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது. உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு நிமிஷ வீடியோவை டிசிபியாக மாற்றலாம். இன்டர்ஆப், எஸ்எம்பிடிஇ, 24 ஃப்ரேம், 25 ஃப்ரேம் என்று விதவிதமாகச் செய்யலாம். தியேட்டர் சர்வரின் சான்றிதழைக் கொடுத்தால் அதற்கான கேடிஎம்மும் தயார். அப்டேட் போட்ட ராத்திரியே பூட்டியது ஒன்று, பூட்டாதது ஒன்று, சப்டைட்டிலோடு ஒன்று என்று ஓட்டிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலையில் தெரிய வேண்டியது திங்கட்கிழமை ராத்திரியே தெரிந்துவிடும்.

எதைத் தொடக்கூடாது?

மீடியா பிளாக்கின் மூடியைத் திறக்காதீர்கள். யாரோ உடைக்கப் பார்ப்பதாக நினைத்து அது தன் ரகசிய எண்ணைத் தானே அழித்துக்கொள்ளும். டிஸ்க்குகளின் வரிசையை மாற்றாதீர்கள். பழைய சர்வரை நேரடியாக இணையத்தில் இணைக்காதீர்கள். அதன் இயங்குதளம் வருஷக்கணக்கில் பழையது. கேடிஎம் மெயிலை வேறு கணினியில் இறக்கி, யுஎஸ்பியில் கொண்டு போங்கள்.

முதலில் கேட்க வேண்டியது: பெட்டி யாருடையது?

இந்தியாவில் எல்லா சர்வரும் தியேட்டர்காரரின் சொத்து இல்லை. பல இடங்களில் அது டிஜிட்டல் சேவை நிறுவனம் வாடகைக்கு வைத்தது. சாஃப்ட்வேரும் அவர்கள் பொறுப்பு. அப்படியானால் நீங்கள் கை வைக்காமல் அவர்களை அழைப்பதே சரி.

இந்தப் பெட்டிக்கான பணத்தை யார் கொடுப்பது என்பதும் சின்ன விஷயம் இல்லை. டிஜிட்டல் கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச்சில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்பட வெளியீட்டையே நிறுத்தினார்கள். 2024 ஏப்ரலில் இதே மாதிரி தகராறில் பிவிஆர் ஐநாக்ஸ் திரைகளில் புது மலையாளப் படங்கள் சில நாள் ஓடாமல் நின்றன.

தயாரித்த நிறுவனமும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் பல நாடுகளில் ஓடிய டோரமி சர்வர்களின் நிறுவனத்தை 2014-ல் டால்பி வாங்கியது. எந்த மாடலுக்கும் ஒருநாள் அப்டேட் வருவது நிற்கும். அதனால் உங்கள் மாடலுக்கு இன்னும் அப்டேட்டும் உதிரிபாகமும் கிடைக்கிறதா என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். இல்லை என்று பதில் வந்தால், புதுப் பெட்டிக்குப் பணம் சேர்க்கத் தொடங்க வேண்டிய நேரம் அது. தனித் தியேட்டர்காரருக்கு அது பெரிய செலவு. ஆனால் பழைய பெட்டியின் பேட்டரி ஒரு பண்டிகை வெள்ளிக்கிழமையில் செத்தால், அன்று திருப்பிக் கொடுக்கும் டிக்கெட் பணமும் அவர் கையிலிருந்துதான் போகும்.